மன்னிப்போடு முடிந்துவிடுமா?



கொள்ளைநோய்க் காலத்தில், மருந்தும் கட்டிலும் போதாத வேளையில், இராப்பகலாய் உழைத்த வைத்தியர் ஒருவர் நல்லெண்ணத்துடன் எடுத்த முடிவு தவறிப்போயின், அவரைச் சட்டம் காத்தல் வேண்டும். இதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், மேசையிலிருந்து ஆதாரமின்றி மருத்துவத்தின் பெயரால் ஆலோசனை கூறியோருக்கும் அதே பாதுகாப்பு உண்டா என்றே கேட்கின்றோம்.

கொவிட் நோயால் இறந்தோரைப் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச் மாதத்திலேயே கூறிவிட்டது. அவ்வாறிருந்தும், ஏப்ரில் 11ஆந் திகதிய வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கிற்று. நிலத்தடி நீர் மாசுறும் என்றனர். பிறந்து இருபதே நாளான முஸ்லிம் குழந்தையொன்றின் உடலும் எரிக்கப்பட்டது. நீதி நாடியோரின் மனுக்களை உயர் நீதிமன்றம் டிசம்பர் 1ஆந் திகதி விசாரணைக்கு ஏற்காமலே தள்ளிற்று. 2021 பெப்ரவரியிலேதான் கட்டளை மாறியது. ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

மன்னிப்பை வரவேற்கின்றோம். ஆயினும், அந்த ஆலோசனையைக் கூறியவர் எவர், எந்த ஆதாரங் கொண்டு கூறினார் என்பது பகிரங்க விசாரணையில் வெளிவரல் வேண்டும். நோயாளியிடம் மெய் சொல்லக் கடமைப்பட்டவர், நாட்டினிடம் ஆதாரமற்றதைச் சொல்லிவிட்டுப் பொறுப்பின்றி விலகலாமோ? விடை கிடைக்கும்வரை நாம் கேட்டுக்கொண்டேயிருப்போம்.