நூறு ரூபாயை எங்கே வைப்பது?

(கடலூர் செம்மண்டலத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நன்கொடை பற்றிப் பேசச் சொன்னீர்கள். கடலூர்க்காரர்களுக்கு இதில் அனுபவம் அதிகம். 2004இல் சுனாமி, 2011 கடைசியில் தானே புயல், 2015இல் வெள்ளம் என்று பதினோரு ஆண்டுகளில் மூன்று முறை வெளியூர் நிவாரண லாரிகளைப் பார்த்த மாவட்டம் இது. அனுப்பியவர்களின் மனசை நான் சந்தேகிக்கவில்லை. லாரி எங்கே நின்றது என்பதுதான் என் கேள்வி.

லாரி தார்ச்சாலையில் வரும். சாலையை ஒட்டி இருப்பது ஊர். காலனி அதையும் தாண்டி, வாய்க்காலை ஒட்டி, பள்ளத்தில் இருக்கிறது. தண்ணீர் முதலில் புகுவதும் கடைசியில் வடிவதும் அங்கேதான். ஆனால் அரிசி மூட்டை முதலில் இறங்குவது ஊரில், மிச்சமிருந்தால் காலனிக்கு. லாரியில் வந்த பையனுக்கு சாதி வெறி எதுவும் இருந்திருக்காது. அவன் சாலையின் போக்கில் வந்தான். அந்தச் சாலையைப் போட்டது சாதி. சுனாமியின்போதும் இதுதான். படகு இழந்தவருக்குப் படகு கிடைத்தது. படகே இல்லாமல் உப்பங்கழியில் கைவலை வீசிப் பிழைத்தவருக்கு, கரையில் கூலி வேலை செய்தவருக்கு எந்தப் பட்டியலில் இடம்? இழப்பதற்குச் சொத்து வைத்திருந்தவர்தான் 'பாதிக்கப்பட்டவர்' ஆனார்.

மேலை நாடுகளில், ஒரு டாலரை எங்கே கொடுத்தால் அதிக நன்மை என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் இயக்கம் ஒன்று வளர்ந்திருக்கிறது. தூரத்தில் சாகிற குழந்தையும் கண்ணெதிரே மூழ்குகிற குழந்தையும் நமக்கு ஒன்றுதான் என்று 1972இல் பீட்டர் சிங்கர் எழுதிய கட்டுரை அதற்கு ஒரு தொடக்கம். 2007இல் தொடங்கிய கிவ்வெல் என்ற அமைப்பு, எந்த நிறுவனம் எத்தனை உயிரைக் காக்கிறது என்று ஆராய்ந்து பட்டியல் போடுகிறது. மலேரியா கொசுவலை போன்ற எளிய பொருள்கள் அதில் முன்னால் நிற்கின்றன. இந்தக் கணக்குப் பழக்கம் நமக்கும் வேண்டும். அன்னதானச் சோற்றைவிட ஃப்ளெக்ஸ் பேனருக்கு அதிகம் செலவழிக்கும் ஊரில் இருக்கிறோம், இல்லையா? ஆனால் அந்தக் கணக்கில் ஒரு கட்டம் விட்டுப்போகிறது. கொசு யாரையும் பார்த்துக் கடிப்பதில்லை. நம் ஊரில் வறுமை ஆள் பார்த்துத்தான் கடிக்கிறது.

கணக்கு நமக்கு உதவும் இடமும் உண்டு. 'அவங்க கையில பணமா கொடுத்தா குடிச்சிடுவாங்க' என்று சொல்வார்கள். அந்த 'அவங்க' யார் என்று நமக்குத் தெரியும். ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுத்த திட்டங்கள் பற்றிய 19 ஆய்வுகளை உலக வங்கியைச் சேர்ந்த இருவர் 2014இல் தொகுத்துப் பார்த்தார்கள். மது, புகையிலைச் செலவு கூடியதாகப் பொதுவாகச் சான்று இல்லை. அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பெரிய பணம் என்ன செய்யும், சின்னப் பணம் என்ன செய்யும் என்பதற்குச் சிதம்பரமே சாட்சி. தில்லைக் கோயிலுக்கு அள்ளிக் கொடுத்த பச்சையப்ப முதலியார் 1794இல் உயில் எழுதிவிட்டு இறந்தார். கோயில் பணிகளுக்கும் தர்மங்களுக்கும் விட்டுப்போன பணம் வழக்கிலும் தகராறிலும் பல பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்தது. நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் 1842இல் சென்னையில் அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் வந்தது. கோயிலில் இருந்து பள்ளிக்குப் போன பணம், நல்ல மாற்றம்தான். ஆனால் அதிலிருந்து வளர்ந்த கல்லூரியின் வாசல் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு நெடுங்காலம் திறக்கவில்லை.

அதே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளை. அவரிடம் சொத்து இல்லை, பலரிடம் கேட்டு வாங்கிய பணம்தான். அதை எங்கே வைத்தார் பாருங்கள். பள்ளிக்கூடத்தோடு தங்கவும் உண்ணவும் விடுதி. பண்ணை வேலையிலிருந்து பிள்ளையைப் பிரித்து எடுக்காமல் படிப்பு வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நந்தனைக் கோயில் வாசலில் நிறுத்திய ஊரில், நந்தன் பெயரிலேயே இன்னொரு வாசலைத் திறந்துவைத்தார். நந்தனார் பள்ளி இன்று அரசு ஆதிதிராவிடர் நலப் பள்ளி. ஒருவர் கேட்டு வாங்கித் தொடங்கியதை அரசே நடத்தும்படி ஆனது. கொடுத்த காசு தன் அளவைத் தாண்டி வேலை செய்வது என்றால் இதுதான்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2016 விதிகளின்படி, குற்றத்தைப் பொறுத்து 85,000 ரூபாய் முதல் எட்டேகால் லட்சம் வரை பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் உண்டு. அது அரசு தர வேண்டிய கடன், பிச்சை அல்ல. அதை வாங்க முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னது: மாவட்டத் தலைநகருக்கு வந்துபோக பஸ் காசு, ஒரு நாள் கூலி, நகல் எடுக்கும் செலவு, கூட வந்து பேச ஓர் ஆள். தகவல் கேட்டு மனுப் போடக் கட்டணம் பத்து ரூபாய். உங்கள் ஐநூறு ரூபாய் அங்கே லட்சங்களை நகர்த்தும். அதே ஐநூறு அன்னதானத்தில் ஒரு வேளைப் பசியை ஆற்றும். பசிக்குச் சோறு வேண்டாம் என்று சொல்லவில்லை. சாதி கேட்காமல் சோறு போட 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு வடலூரில் இன்னும் எரிகிறது. அந்தப் பசியை யார் உண்டாக்கினார்கள் என்று கேட்கும் வேலைக்குத்தான் நன்கொடையாளர் கிடைப்பதில்லை.

விருத்தாசலம் பக்கம் 2003 ஜூலையில் முருகேசனையும் கண்ணகியையும் நஞ்சு ஊற்றிக் கொன்றார்கள். பொறியியல் படித்த தலித் இளைஞன், அவனை மணந்த வன்னியர் வீட்டுப் பெண். கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது 2021 செப்டம்பரில். அதில் இருவர் காவல்துறையினர். உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது 2025 ஏப்ரலில். கிட்டத்தட்ட 22 ஆண்டுகள்! அத்தனை ஆண்டும் சாட்சிகள் வழியில் கலையாமல் இருக்க வேண்டும், வாய்தாவுக்கு வாய்தா போக வேண்டும், வழக்கறிஞர் காசு பார்க்காமல் நிற்க வேண்டும். இந்தச் செலவுக்கு எந்த நன்கொடைப் பட்டியலில் தலைப்பு இருக்கிறது? புகைப்படம் எடுத்துப் போட முடியாத செலவு இது. ரசீது மட்டும்தான் மிஞ்சும்.

நீங்கள் நாற்பது பேர் இருக்கிறீர்கள். மாதம் நூறு ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 48,000. மழைக்கு முன்பே, புரட்டாசியிலேயே, எந்தக் காலனிக்கு எந்தப் பாதையில் போக முடியும் என்று நடந்து பார்த்து எழுதி வையுங்கள். கல்வி உதவித்தொகை வரத் தாமதமாகி, தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் கல்லூரியை விட்டு நிற்கும் பிள்ளைக்கு முன்பணமாகக் கொடுங்கள். தொகை வந்ததும் திருப்பிப் போடட்டும், அடுத்த பிள்ளைக்கு ஆகும். வழக்குக்கு அலைபவரின் பஸ் காசுக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். யாருக்கு முதலில் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அந்தத் தெருப் பெண்கள் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும். வரவு செலவை மாதா மாதம் எழுதி படிப்பகச் சுவரில் ஒட்டுங்கள். கொடுத்தவர் பெயர் வேண்டாம், தொகை போதும்.