அவையஞ்சாமைக்கு முன் அவையறிதல்



இந்தக் கருத்தரங்கில் மேடைப்பேச்சைப் பற்றி இரண்டு நாள் பேசப்போகிறோம். கட்டுரைச் சுருக்கங்களை முன்னதாகவே அனுப்பிவைத்திருந்தார்கள், எல்லாவற்றையும் படித்தேன். குரல்வளம், சொல்லாட்சி, எதுகை மோனை, கையசைவு, நிற்கும் தோரணை எனப் பேசுகிறவரைப் பற்றி நிறைய இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பற்றி மிகக் குறைவாகவே இருக்கிறது. அந்தக் குறையைப் பற்றியே இந்தத் தலைமையுரையில் பேச விரும்புகிறேன்.

திருக்குறளில் மேடைக்கு நேராகப் பொருந்தும் அதிகாரங்கள் மூன்று: சொல்வன்மை 65ஆவது, அவையறிதல் 72ஆவது, அவையஞ்சாமை 73ஆவது. கடைசி இரண்டும் நிற்கும் வரிசையைப் பாருங்கள். அறிந்த பிறகுதான் அஞ்சாமை. நம் பயிற்சி முகாம்களோ மேடைக்கூச்சத்தைப் போக்குவதில்தான் தொடங்குகின்றன. கண்ணாடி முன் நின்று பேசு, மூச்சை இழுத்து விடு, கூட்டத்தில் யாருமே இல்லையென்று நினைத்துக்கொள் என்கிறார்கள். இந்தக் கடைசி அறிவுரையை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். யாருமே இல்லையென்று நினைத்துக்கொண்டு பேசுவது எப்படிப் பேச்சாகும்? பயம் பெரும்பாலும் எதிரே இருப்பவர் யார் என்று தெரியாததால் வருகிறது. அரை மணி முன்னதாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வந்தவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்டவருக்கு, மேடையேறும்போது பாதிப் பயம் போயிருக்கும். இன்னொரு பலனும் உண்டு. ஒலிபெருக்கி அங்கே எப்படிக் கேட்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

அரிஸ்டாட்டில் பேச்சுக்கலை பற்றி எழுதிய நூலைச் சொல்பவர்கள், பேசுகிறவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் வலு என்ற மூன்றோடு நின்றுவிடுகிறார்கள். அதே நூலின் இரண்டாம் பகுதியில் அவர் கோபம், அச்சம், இரக்கம் ஆகியவை மனிதருக்கு எதனால் வருகின்றன, யார் மீது வருகின்றன என்று ஒவ்வொன்றாக ஆராய்கிறார். பிறகு இளைஞர் மனம் எப்படி, முதியவர் மனம் எப்படி, நடுவயதினர் மனம் எப்படி என்று தனித்தனியே விளக்குகிறார். பேச்சுக்கலை நூல் ஒன்றில் இவ்வளவு இடம் கேட்பவருக்குப் போயிருக்கிறது. ஏதென்ஸிலும் தமிழகத்திலும் இந்த அக்கறை ஒன்றாக இருந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

தமிழ் மேடையின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. புதிய அவை உருவானபோதெல்லாம் புதிய பேச்சு பிறந்திருக்கிறது. 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். கோயிலில் புராணம் படித்துப் பொருள் சொல்வது அதற்கு முன்பே இருந்த வழக்கம். ஒருவர் பாட்டைப் படிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார். நாவலர் பாட்டைப் பின்தொடராமல் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு உரைநடையில் வாரந்தோறும் பேசினார். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பெர்சிவல் பாதிரியாருடன் பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். பாதிரிமார் பிரசங்கம் சாதாரண மக்களைக் கட்டிப்போடுவதை அருகிலிருந்து பார்த்திருந்தார். தம்மவர் காது எதற்குப் பழகிவருகிறது என்று கண்டுகொண்டு அந்த வடிவத்தைச் சைவத்துக்கு எடுத்துக்கொண்டார்.

அடுத்த பெரிய திருப்பம் 1908இல், தூத்துக்குடியில். காங்கிரஸ் மேடைகளில் அதுவரை பெரிதும் ஒலித்தது ஆங்கிலம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கோரல் மில் தொழிலாளர்களைப் பார்த்துத் தமிழில் பேசினார்கள். கூலி, வேலை நேரம், விடுமுறை என்று தொழிலாளியின் வயிற்றிலும் உடம்பிலும் இருந்த விஷயங்களிலிருந்து சுயராஜ்யத்துக்கு வழி போட்டார்கள். அந்தப் பேச்சின் வலிமையை நம் திறனாய்வாளர்களுக்கு முன்பே அரசாங்கம் அளந்துவிட்டது. இருவர் மீதும் போட்ட ராஜத்துரோக வழக்கில் போலீசார் எடுத்த குறிப்புகளே சான்றாக நின்றன. சிவாவுக்கு 10 ஆண்டு; வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது என்பது பிற்பாடு நடந்தது. கற்றோர் அவையில் ஆங்கிலத்தில் அதே கருத்தைச் சொல்லியிருந்தால் அரசாங்கம் இந்த அளவுக்கு அஞ்சியிருக்காது என்றே நான் கருதுகிறேன்.

பெரியாரையும் அண்ணாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே இயக்கத்தில் வளர்ந்தவை அந்த இரண்டு குரல்களும். பெரியார் வீட்டுத் திண்ணைத் தமிழில் மணிக்கணக்காகப் பேசுவார். நான் சொல்வதற்காக நம்பாதே, உன் புத்தியைக் கொண்டு யோசித்துப்பார் என்று கேட்பவரிடமே பொறுப்பை ஒப்படைப்பார். அண்ணாவிடம் அடுக்குமொழி, எதுகை மோனை, செந்தமிழின் மிடுக்கு. படிக்க வாய்ப்பற்றுப்போன மக்களுக்கு இலக்கியத் தமிழைக் காதுவழியே கொண்டுசேர்த்த மேடை அது. அதே அண்ணா 1962இல் மாநிலங்களவையில் ஆங்கிலத்தில் எழுந்து பேசியபோது, வேறோர் அவைக்குரிய வேறோர் அண்ணாவாக இருந்தார். இவர்களில் யாருடைய நடை சிறந்தது என்று பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு ஆர்வமில்லை. அந்த நடை அந்த அவையிலிருந்து எப்படிப் பிறந்தது என்று யாராவது ஆராய்ந்தால் முதல் ஆளாகப் படிப்பேன்.

இனி, நுட்பம். ஒன்றே ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அச்சில் படிப்பவர் கண்ணைப் பின்னோக்கி ஓட்டலாம். காதால் கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. இந்த வாக்கியத்தைக் கேளுங்கள்: “சென்ற ஆண்டு பெய்த கனமழையில் உடைந்த ஏரிக்கரையைச் சீரமைப்பதற்காக ஒதுக்கப்பட்ட தொகையைச் செலவிடுவதில் ஏற்பட்டுள்ள எட்டு மாதக் காலதாமதம் உழவர்களிடையே பெரும் கவலையை உண்டாக்கியுள்ளது.” இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் கவலையை அடைவதற்குள் ஏரிக்கரை மறந்துவிடுகிறது. இதையே மேடையில் இப்படிச் சொல்லலாம்: “போன வருஷ மழையில ஏரிக்கரை உடைஞ்சுது. சரிபண்ணப் பணம் வந்துச்சு. பணம் வந்து எட்டு மாசம் ஆச்சு. கரை இன்னும் உடைஞ்சபடியே கிடக்கு.” நான்கு வினைமுற்று, நான்கு முறை மூச்சு. கேட்பவர் ஒவ்வொன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்ததற்குத் தயாராகிறார். நான்காவதற்குப் பிறகு பேச்சாளர் மூன்று நொடி வாய்மூடி நிற்க வேண்டும். கவலையை அவர் சொல்லவே தேவையில்லை, கூட்டமே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

சுருக்கமாக இன்னோர் உத்தி. சமயச் சொற்பொழிவாளர் வாரியார் சுவாமிகள் கதை சொல்லும்போது முன்வரிசைச் சிறுவர்களிடம் கேள்வி கேட்பார். குழந்தைகளை மகிழ்விக்கும் உத்தி என்று அதைச் சொல்லி முடித்துவிடுகிறோம். பையன் விடை சொல்லும் நேரத்தில் பின்னாலிருக்கும் பெரியவர்கள் எல்லோரும் மனசுக்குள் விடை தேடுகிறார்கள்; கண் அயர்ந்தவர் நிமிர்கிறார்; கூட்டத்துக்கு இந்தக் கதை எவ்வளவு தெரியும் என்பது பேசுகிறவருக்கும் புரிந்துவிடுகிறது. ஒரே கேள்வியில் இத்தனை வேலை நடக்கிறது.

ஒலிவாங்கியிலிருந்து ஒரு சாண் விலகி நிற்பது, ‘ப’கரத்தை வெடிக்கவிடாமல் முகத்தைச் சற்றே திருப்பிக்கொள்வது, குறிப்பை முழுத்தாளில் வைக்காமல் சிறு அட்டைகளில் வைப்பது முதலியவற்றைப் பிற்பகல் பயிற்சியில் காட்டுவார்கள். நன்னூல் சொல்லும் நூற்குற்றம் பத்தில் மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் ஆகிய இரண்டையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். நன்னூலாசிரியர் பவணந்தியார் அவற்றை நூலுக்குச் சொன்னார். மேடையில் அவை இன்னும் பெரிய குற்றங்கள், ஏனென்றால் கேட்பவர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போக முடியாது.

ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். பள்ளிப் பேச்சுப்போட்டிகளுக்கு நடுவராகப் போகிறேன். ஆசிரியரோ பெற்றோரோ எழுதிக்கொடுத்ததைப் பிள்ளைகள் ஒரு எழுத்துக் குறையாமல் ஒப்பிக்கிறார்கள். நடுவே ஒரு சொல் மறந்துவிட்டால் பிள்ளையின் கண் மேற்கூரைக்குப் போகிறது. எதிரே இருப்பவரை நோக்கி வருவதே இல்லை. குற்றம் பிள்ளையுடையது அல்ல. மனப்பாடத்துக்கும் உச்சரிப்புக்கும் மதிப்பெண் ஒதுக்கி, அவையைப் பார்த்ததற்கு ஒன்றும் ஒதுக்காத நம்முடையது. தலைப்பைக் கொடுத்து, ஐந்து நிமிட அவகாசத்தில், “இதை உன் பாட்டிக்குச் சொல்வதுபோல் சொல், பிறகு தலைமையாசிரியருக்குச் சொல்வதுபோல் சொல்” என்று கேட்கும் போட்டிகள் நடக்க வேண்டும். அதற்கான மதிப்பீட்டு முறையை இந்தக் கருத்தரங்கம் வகுத்துக்கொடுத்தால் அது உண்மையான பயன்.

ஆய்வாளர்களிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்மிடம் சொற்பொழிவு நூல்கள் ஏராளமாக உண்டு. அவற்றில் பேச்சு இருக்கிறது, கூட்டம் இல்லை; எப்போதாவது அடைப்புக்குறிக்குள் ‘கைதட்டல்’ என்று வரும், அவ்வளவுதான். எந்த இடத்தில் சிரித்தார்கள், எங்கே சலசலத்தார்கள், எந்த வாக்கியத்தைப் பேச்சாளர் பாதியில் மாற்றினார் என்பதெல்லாம் பழைய ஒலிநாடாக்களில்தான் இருக்கிறது. மன்றங்களிலும் கட்சி அலுவலகங்களிலும் வீட்டுப் பரண்களிலும் அந்த நாடாக்கள் பூஞ்சை பிடித்து அழிந்துகொண்டிருக்கின்றன. உங்கள் ஊரில் யாரிடம் எந்தப் பேச்சின் நாடா இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதித்தர ஒரு படிவம் உங்கள் கோப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. நாளை மாலைக்குள் நிரப்பிக் கொடுங்கள். கேட்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் போய், அன்று கூட்டத்தில் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், எந்தப் பேச்சு நினைவில் நிற்கிறது என்று பதிவுசெய்யும் வேலையையும் தொடங்குவோம். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.