லிக்டென்டால் பங்கின் நூற்றாண்டு விழா

(யூபிலி விழாப் பொதுக்கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் பழைமையை நினைத்துப் பார்ப்பதும், கோவிலைக் கட்டி எழுப்பியவர்களுக்கு நன்றி செலுத்துவதும் நம் கடமை. அக்கடமையை எமக்கு முன் பேசியவர்கள் நன்றாகவே நிறைவேற்றிவிட்டார்கள். ஆகவே நாம் வேறொரு பங்கின் யூபிலியைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம்.

அது ஆஸ்திரியா நாட்டிலே, வியன்னா நகரின் புறநகராய் அன்று விளங்கிய லிக்டென்டால் பங்கு. சிறு தொழிலாளர்களும் எளிய குடும்பங்களும் வாழ்ந்த பகுதி. 1814-ஆம் ஆண்டில் அப்பங்குக் கோவில் நூற்றாண்டு விழாக் கொண்டாடியது. வியன்னாவில் பூசை இசைக்குப் பஞ்சமா? ஹைடன், மொஸார்ட் போன்ற பெரும் மேதைகள் இயற்றிய பூசைப் பாடல்கள் ஏராளம். ஆயினும் அவ்விழாவில் பாடப்பெற்றது, அதே கோவிலில் ஞானஸ்நானம் பெற்ற ஓர் ஆசிரியரின் மகன் புதிதாக இயற்றிய பூசை இசை. அவருக்கு வயது 17. பெயர் ஃபிரான்ஸ் ஷூபெர்ட்.

மே மாதம் 17-ஆம் நாள் எழுதத் தொடங்கி, ஜூலை 22-இல் முடித்தார். விழாவன்று பாடகரையும் வாத்தியக்காரரையும் நடத்தியவரும் அவரே. உச்சக் குரல் பாகத்தைப் பாடியவள் அவ்வூர்ச் சிறுமி தெரேஸ் குரோப். அவளுக்கு வயது 15. கோவிலின் பாடற்குழுத் தலைவர் மிக்கேல் ஹோல்ட்சர், சிறுவயதில் ஷூபெர்ட்டுக்கு இசை கற்பித்தவர். அன்று ஆசிரியரின் பாடற்குழு மாணவனின் கையசைவுக்குப் பாடியது. அந்த ஆசிரியரின் பெருந்தன்மையை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அன்பர்களே, 17 வயதில் ஒருவருக்கு இத்தகைய முதிர்ச்சி எங்கிருந்து வந்தது? இறைவன் அளித்த வரம், உண்மை. ஆனால் அவ்வரம் வளர்ந்த இடம் வீடு. விடுமுறைக்கு அவர் வீடு வரும்போதெல்லாம் குடும்பத்தில் நால்வர் கூடி வாசிப்பார்கள். தமையன்மார் பெர்டினாண்டும் இக்னாஸும் வயலின். தந்தை செல்லோ என்னும் பெரிய தந்தி வாத்தியம். ஃபிரான்ஸ் இவற்றுக்கு நடுக்குரலான வயோலா. இப்படி ஒரு சிலர் மட்டும் ஓர் அறையில் அமர்ந்து, ஒவ்வொருவரும் தத்தம் பாகத்தைத் தனியே தாங்கி வாசிப்பதையே சேம்பர் மியூசிக், அதாவது அறை இசை என்கிறார்கள்.

யாராவது தவறாக வாசித்தால் வீட்டின் கடைக்குட்டிப் பையனான ஃபிரான்ஸ் உடனே கண்டுகொள்வார். தமையன்மார் தவறினால் ஒரு பார்வை அல்லது ஒரு புன்னகை. தந்தை தவறினால் முதல் தடவை பேசாமலே விட்டுவிடுவார். அதே தவறு மறுபடி வந்தால் மட்டும், மெல்லச் சிரித்துக்கொண்டு, எங்கோ ஏதோ பிசகியிருக்கிறது என்று பணிவாகச் சொல்வார். தந்தையும் ஏற்றுக்கொள்வார். இதைப் பிற்காலத்தில் பெர்டினாண்டே எழுதிவைத்தார். சொல்லும் மகனிடத்தில் மரியாதை; கேட்கும் தந்தையிடத்தில் தாழ்ச்சி. இவ்விரண்டும் கூடிய வீட்டில்தான் பங்கின் விழாவுக்கான இசை பிறந்தது.

அறை இசையில் கோல் பிடித்து நடத்துபவர் எவரும் இல்லை. ஒருவர் மூச்சை இழுப்பதைப் பார்த்து மற்றவர்கள் தொடங்கவேண்டும். ஒருவர் ஓங்கினால் மற்றவர்கள் மறைந்துவிடுவார்கள். ஒருவர் பின்தங்கினால் எல்லாம் குலைந்துவிடும். ரொமான்டிக் காலத்து இசையிலோ இது இன்னும் கடினம். மனித உள்ளத்தின் ஏக்கமும் துயரமும் பொங்கிவரும் இசை அது. உணர்ச்சி மிகுதியால் ஒருவர் ஒரு சுரத்தில் சற்றே தயங்கி நின்றால், மற்ற எல்லோரும் அவரோடு தயங்கி நிற்கவேண்டும். தனக்கு மட்டும் உணர்ச்சி இருந்தால் போதாது. பிறர் உணர்வதையும் கேட்கத் தெரியவேண்டும்.

ஷூபெர்ட் தம் வாழ்வின் கடைசி மாதங்களில், 1828-இல், ஐவர் வாசிக்கும் தந்தி இசை ஒன்றை இயற்றினார். அவ்வாண்டு நவம்பர் 19-இல் 31 வயதிலேயே இறைவனடி சேர்ந்தார். அவ்விசை பொதுமேடையில் முதன்முதல் கேட்டது 22 ஆண்டுகள் கழித்து, 1850-இல். அதன் இரண்டாம் பகுதியில் நடுவிலிருக்கும் மூவர் நீண்ட சுரங்களை மிக மென்மையாக இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். மேலே ஒரு வயலின் சிறுசிறு சொற்போல் பேசுகிறது. கீழே ஒரு செல்லோ தந்தியைச் சுண்டுகிறது. கேட்பவர்களின் கவனம் மேலும் கீழும் செல்லும். ஆனால் அந்த மூவரில் ஒருவர் பொறுமையிழந்து அழுத்திவிட்டால் அப்பகுதி முழுவதும் உடைந்துபோகும்.

இன்றும் உலகெங்கும் இசைக்கல்லூரிகளில் பயிலும் இளைஞர்கள் இவ்விசையைப் பயின்று வாசிக்கிறார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஷூபெர்ட்டின் பெயரால் இளம் அறை இசைக் குழுக்களுக்கென்றே ஒரு சர்வதேசப் போட்டி 1989-இல் தொடங்கியது. வேகமாகவும் உரக்கவும் வாசிக்கத் துடிக்கும் வயதில், மெதுவாகவும் மென்மையாகவும் பிறருக்காக வாசிக்க அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். உடல் ஒன்று, உறுப்புகள் பல என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்குப் போதித்த பாடம் இதுவன்றோ?

இனி நம் பங்குக்கு வருவோம். பெரியவர்களுக்கு எப்போதும் ஒரு சோதனை உண்டு. விழா என்றால் பந்தல் கட்டவும், நாற்காலி அடுக்கவும், தோரணம் தொங்கவிடவும் இளைஞர்களை அழைப்பார்கள். பீடத்தருகே, பாடற்குழுவில், ஆலோசனைக் கூட்டத்தில் பொறுப்பு என்று வரும்போது, இன்னும் வயது வரட்டும் என்பார்கள். லிக்டென்டால் மக்களும் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஷூபெர்ட்டுக்கு வயது வரும்வரை காத்திருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவருடைய வாழ்நாளே 31 ஆண்டுகள்தாம்.

பாடற்குழுக்களை முனைந்து வளர்க்கவேண்டுமென்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் கேட்டுக்கொள்கிறது. அது பாடற்குழுத் தலைவர் ஒருவரால் மட்டும் ஆகக்கூடியதன்று. பெற்றோரே, உங்கள் வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து பாடுங்கள். அவர்கள் பணிவோடு சுட்டிக்காட்டும்போது காதுகொடுங்கள். இளைஞர்களே, பொறுப்புக் கிடைத்தால் உங்கள் குரல் மட்டும் கேட்கவேண்டுமென்று விரும்பாதீர்கள். நடுவிலே நின்று, எவரும் கவனிக்காத நீண்ட சுரத்தைத் தாங்கிப் பிடிக்கவும் தயாராயிருங்கள்.

இந்த யூபிலி ஆண்டிலே நம் திருப்பலியின் ஒரு பாடலையாவது நம் பிள்ளைகளே இயற்றிப் பாட நாம் இடம் கொடுப்போம். அது குறையுள்ளதாயிருந்தாலும் நம் பீடத்தில் நம் பிள்ளைகள் வைக்கும் காணிக்கை அது. எல்லாம் வல்ல இறைவன் நம் குடும்பங்களையும் நம் பங்கையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.