ஒரு ரொட்டிக்கு மூன்று பெண்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"வெளிநாட்டுல 9 வருஷம் சமையல் வேலை பாத்தியே, அங்க கத்துக்கிட்டதுல ஒண்ணைச் சொல்லு" என்று தலைவி அக்கா கேட்டார்கள். துபாயில் நான் வேலை பார்த்தது ஈரானிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் வீட்டில். பிரியாணி, கபாப் எல்லாம் இப்போது நம்ம ஊர் முக்குக் கடையிலேயே கிடைக்கிறது. அதனால் அவர்கள் ரொட்டியைப் பற்றிப் பேசுகிறேன். பேசி முடித்ததும் பின்பக்கக் கொட்டகையில் சுட்டும் காட்டுகிறேன்.

ஈரானில் பேசுவது பாரசீக மொழி. அதில் ரொட்டிக்குப் பேர் 'நான்'. ஓட்டலில் பட்டர் நான் என்று கேட்கிறோமே, அதே சொல்தான். தந்தூரி என்பதும் அவர்கள் 'தனூர்' என்று சொல்கிற அடுப்பின் பேர்தான். வீட்டுப் பேச்சில் 'நான்' என்பது 'நூன்' ஆகிவிடும். நாம் வந்தாங்க, போனாங்க என்று பேசுகிற மாதிரி அவர்களுக்கும் எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று.

அங்கே நகரங்களில் 4 வகை ரொட்டி முக்கியம். லவாஷ் காகிதம் மாதிரி மெல்லிசு. தஃப்தூன் வட்டமானது, மேலே குத்துக் குத்தாக ஓட்டை இருக்கும். பர்பரி தடிமனாக, முக்கால் மீட்டர் நீளத்துக்குக்கூட இருக்கும். விரலால் கோடு இழுத்து எள் தூவியிருப்பார்கள். நாலாவது சங்கக். 'சங்' என்றால் அவர்கள் மொழியில் கல். சூளை மாதிரி அடுப்புக்குள் கூழாங்கல்லைப் பரப்பிச் சூடேற்றி, புளித்த கோதுமை மாவைத் தளதளவென்று அதன் மேலேயே விரித்துச் சுடுவார்கள். வெளியே எடுக்கும்போது ரொட்டியோடு சின்னக் கல்லும் ஒட்டிக்கொண்டு வரும். வாங்குகிறவர்கள் அதைத் தட்டி உதிர்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். நாம் அரிசியில் கல் பொறுக்குகிறோம், அவர்கள் ரொட்டியில் பொறுக்குகிறார்கள்.

இந்த நாலையும் நகரத்தில் யாரும் வீட்டில் சுடுவது இல்லை என்றே சொல்லலாம். தெருவுக்குத் தெரு ரொட்டிக் கடை உண்டு. மாவுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது, விலையையும் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. சூடாக வாங்கி வந்து உடனே சாப்பிடுவார்கள். அந்தக் கடைகளில் மாவு பிசைகிறவர், உருண்டை பிடிக்கிறவர், அடுப்பு முன்னால் நிற்கிறவர் எல்லாரும் பெரும்பாலும் ஆண்கள். ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு சம்பளம்.

கிராமத்தில் கதை வேறே. அங்கே தனூர் அடுப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கும். களிமண்ணில் செய்த பெரிய குதிர் மாதிரி, பாதியைத் தரைக்குள் புதைத்திருப்பார்கள். அடியில் நெருப்பு எரியும். லவாஷ் மாவை மெல்லிசாகத் தேய்த்து, திண்டு மாதிரி ஒரு மெத்தையின் மேல் விரித்து, குனிந்து உள்சுவரில் 'பட்'டென்று அடித்து ஒட்ட வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் வெந்துவிடும். முகத்துக்கு நேராக அனல் அடிக்கும், கை ரோமம் பொசுங்கும். இதைச் செய்வது பெண்கள்.

ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை இது. ஒருத்தி உருண்டை பிடிக்க, ஒருத்தி தேய்க்க, ஒருத்தி அடுப்பில் ஒட்ட, குறைந்தது 3 பேர் வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து உட்காருவார்கள். பல நாளைக்குத் தேவையானதை ஒரே மூச்சில் சுட்டு, காயவிட்டு அடுக்கி வைத்துவிடுவார்கள். சாப்பிடும் நேரத்தில் தண்ணீர் தெளித்துத் துணியில் மூடினால் பழையபடி மெத்தென்று ஆகிவிடும். நாம் சித்திரை வெயிலில் தெருவே கூடி வடகம் பிழிவோமே, அந்த மாதிரிதான். 2016-இல் ஐ.நா. சபையின் யுனெஸ்கோ அமைப்பு, இந்த மெல்லிசு ரொட்டியைக் கூடிச் சுட்டுப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை உலகப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஈரானோடு அஜர்பைஜான், துருக்கி, கசகஸ்தான், கிர்கிஸ்தான் ஆகிய நாடுகளும் சேர்ந்து கேட்டு வாங்கினார்கள். அதற்கு 2 வருஷம் முன்பே ஆர்மீனியா தன் லவாஷுக்குத் தனியாக வாங்கிவிட்டது. ரொட்டி யாருக்குச் சொந்தம் என்று நாடுகளுக்குள்ளேயே போட்டி இருக்கும் போல! ஈரானிலும் அஜர்பைஜானிலும் கல்யாணத்தில் மணப்பெண் தோளில் ரொட்டியைப் போடுவார்கள், இல்லையென்றால் தலையில் பொடித்துத் தூவுவார்கள். போகிற வீடு செழிக்கட்டும் என்றுதான்.

நான் இருந்த வீட்டுக்கு வருகிறேன். அந்த வீட்டு அம்மா தெஹ்ரானில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் மாமியார் பந்தர் அப்பாஸ் பக்கம். அது ஈரானின் தென்கரை, கடலைத் தாண்டினால் துபாய். அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் போக்குவரத்து ரொம்பக் காலமாக உண்டு. மாமியாரை நான் 'மாதர்' என்று கூப்பிடுவேன். பாரசீகத்தில் அம்மா என்று அர்த்தம். நம்ம காதுக்கு மாதர் சங்கம் ஞாபகம் வரும்.

மருமகளுக்குப் பர்பரிதான் ரொட்டி. மாதருக்கு அதைக் கண்டாலே ஆகாது. அவர்கள் ஊர் ரொட்டிக்குப் பேர் தொமோஷி. மாவைத் தளரக் கரைத்து, சூடான இரும்புத் தட்டில் கையாலேயே மெல்லிசாகத் தடவி இழுப்பார்கள். பார்த்தால் நம்ம தோசைதான். அதன் மேல் முட்டையை உடைத்துப் பரப்பி, 'மஹ்யாவே' என்று ஒரு குழம்பைத் தடவுவார்கள். அது என்ன தெரியுமா? நெத்திலி! நெத்திலியை உப்புப் போட்டு ஊறவைத்து, கடுகு, சோம்பு, மல்லி, சீரகம் எல்லாம் சேர்த்துப் பக்குவப்படுத்தியது. வாசனை வீட்டைத் தூக்கும். மருமகள் சன்னலைத் திறந்துவிடுவார்கள், மாதர் வேண்டுமென்றே இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள். மாமியார் மருமகள் எந்த நாட்டிலும் மாமியார் மருமகள்தான்.

மாதர் ஊர்ப் பக்கம், கெஷ்ம் தீவிலும் ஹோர்முஸ் தீவிலும், பெண்கள் தெருவோரத்தில் அடுப்பு வைத்துத் தொமோஷி சுட்டு விற்கிறார்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் நின்று வாங்கிச் சாப்பிடுகிறார்கள். வீட்டுக்குள் சும்மா சுட்டுப் போட்ட அதே ரொட்டிதான். தெருவுக்கு வந்ததும் காசாகிறது.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவருக்குப் பாரசீகத்தில் 'நான்-ஆவர்' என்று பேர். ரொட்டி கொண்டுவருகிறவர் என்று அர்த்தம். பெரும்பாலும் குடும்பத்து ஆம்பளையைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஒரு மாதம் நான் வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு வந்தபோது அந்த அம்மா, "உங்க வீட்டு நான்-ஆவர் நீதான்" என்றார்கள். மாவு பிசைந்துகொண்டிருந்த மாதர் நிமிர்ந்து பார்த்து, "40 வருஷம் ரொட்டி சுட்டுப் போட்டேன், என்னை ஒருத்தரும் அப்படிச் சொல்லலையே" என்று சிரித்தார்கள். சிரிப்புதான், ஆனால் கை நின்றுவிட்டது.

நம்ம குழுவில் கடன் விண்ணப்பம் எழுதும்போது 'தொழில்' என்ற இடத்தில் என்ன எழுதுகிறோம்? "சும்மாதான் இருக்கேன், இல்லத்தரசின்னு போடுங்க" என்கிறோம். காலையில் 5 மணிக்கு அடுப்பு பற்றவைத்து, 6 பேருக்குச் சமைத்து, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து சொல்வது, சும்மாதான் இருக்கேன்! தெருவில் 4 இட்லி விற்றால் தொழில், வீட்டில் 40 இட்லி சுட்டால் சும்மாவா? நம்ம தீர்மானப் புத்தகத்தில் இதைப் பற்றியும் ஒருநாள் எழுதலாம்.

சரி, செய்முறை. புத்தகத்தில் போடுவார்கள், ஆனாலும் காதால் கேட்டால் மனசில் நிற்கும்.

பர்பரிக்கு அரை கிலோ மைதா. பாதி கோதுமை மாவும் போடலாம், கொஞ்சம் கெட்டியாக வரும், அவ்வளவுதான். ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன். வெதுவெதுப்பான தண்ணீர் 350 மில்லி. சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, கையில் லேசாக ஒட்டுகிற பதம். ஒட்டுகிறதே என்று மாவைக் கொட்டிக்கொண்டே இருக்காதீர்கள், ரொட்டி வறட்டி மாதிரி ஆகிவிடும். 10 நிமிஷம் நன்றாக அடித்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். குளிர் ஊரில் ஒன்றரை மணி நேரம் ஆகும். நம்ம வெயிலுக்கு முக்கால் மணியிலேயே பொங்கிவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள், இரண்டு மடங்கு ஆகியிருக்க வேண்டும்.

பர்பரியின் ரகசியம் மேலே தடவுகிற கஞ்சிதான். அதற்கு 'ரூமால்' என்று பேர். அரை டம்ளர் தண்ணீரில் 2 டீஸ்பூன் மைதாவும் அரை டீஸ்பூன் சோடா உப்பும் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிண்டினால், போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி வரும். ஆறவிட வேண்டும். மாவை 3 பாகமாக்கி, நீளவாக்கில் தட்டி, 20 நிமிஷம் விட்டு, இந்தக் கஞ்சியை மேலே தடவி, விரல் நுனியால் அழுத்தி நீளக் கோடு இழுத்து, எள்ளும் கருஞ்சீரகமும் தூவ வேண்டும். சோடா உப்பு இருப்பதால்தான் அந்தப் பொன் நிறம் வருகிறது, கஞ்சியால் மேல் தோல் மொறுமொறுப்பாகிறது. முட்டை தடவ வேண்டியதில்லை. ஓவன் இருந்தால் 230 டிகிரியில், தட்டையும் முன்னாலேயே சூடாக்கி வைத்து, 15 நிமிஷம். இடையில் ஒருதரம் எட்டிப் பாருங்கள்.

ஓவன் இல்லாவிட்டால் கனமான இரும்புத் தோசைக்கல் போதும். ரொட்டியைச் சின்னதாகத் தட்டி, அடிப்பக்கம் தண்ணீர் தொட்டு, சூடான கல்லில் ஒட்டிவிடுங்கள். மூடி போட்டுச் சிறுதீயில் 5 நிமிஷம். பிறகு கைப்பிடியைப் பிடித்துக் கல்லையே கவிழ்த்து, மேல்பக்கத்தை நெருப்பில் காட்டினால் சிவந்து வரும். கைப்பிடி இல்லாத கல்லிலோ நான்-ஸ்டிக் கல்லிலோ இதைச் செய்யவே கூடாது, ரொட்டி நெருப்பில் விழும். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.

இந்த வம்பே வேண்டாம் என்றால் மெல்லிசு லவாஷ் சுடுங்கள். கோதுமை பாதி, மைதா பாதி, ஈஸ்ட் அரை டீஸ்பூன், தண்ணீர் 300 மில்லி, உப்பு. ஒரு மணி நேரம் ஊறவிட்டு 12 உருண்டை. அடியில் கை வைத்தால் நிழல் தெரிகிற அளவுக்குத் தேய்த்து, எண்ணெய் இல்லாமல் நல்ல சூட்டில் அரை நிமிஷம் ஒரு பக்கம், அதைவிடக் கொஞ்சம் குறைவாக மறுபக்கம். எடுத்தவுடனே துணியில் சுற்றி அடுக்குங்கள். திறந்து வைத்தால் அப்பளம். அவர்கள் இதோடு பாலாடைக்கட்டி, புதினா, அக்ரூட் பருப்பு வைத்துக் காலையில் டீயோடு சாப்பிடுவார்கள். கருவாட்டுத் தொக்கு இன்னும் பொருத்தம் என்பது என் கருத்து. மாதர் இருந்தால் ஒத்துக்கொள்வார்கள்.

"இதை வச்சுத் தொழில் பண்ணலாமா?" என்று முன்வரிசையில் ஒரு அக்கா அப்போதே கேட்டார்கள். பர்பரி சுட்ட அன்றைக்கே தீர வேண்டிய பண்டம், மறுநாள் கட்டை. நம்ம ஊரில் தினமும் வாங்க ஆள் இருக்காது. கண்காட்சி, உணவுத் திருவிழா மாதிரி நாளில் கண் முன்னால் சுட்டுக் கொடுத்தால் போகும். லவாஷ் நன்றாகக் காய்ந்தால் பல நாள் தாங்கும், பொட்டலம் போடலாம். ஆனால் முதலில் சொந்த வீட்டில் 4 தரம் சுட்டு, மாவு, ஈஸ்ட், கேஸ், கவர் எல்லாம் கணக்கு எழுதுங்கள். முக்கியமாக உங்கள் கூலியையும் எழுதுங்கள். நம்ம பெண்கள் கணக்குப் போட்டால் அந்த ஒரு வரி மட்டும் எப்போதும் விட்டுப்போகும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் விற்பனைக்கு இறங்க வேண்டாம். இந்த முதல் முயற்சிக்காகக் குழுவில் உள்கடன் எடுக்கவும் வேண்டாம், அரை கிலோ மாவுக்கு எதற்குக் கடன்?

கொட்டகையில் மாவு பொங்கித் தயாராக இருக்கும். உருண்டை பிடிக்க ஒருத்தர், தேய்க்க ஒருத்தர், கல் பக்கத்தில் நிற்க ஒருத்தர் வேண்டும். பேர் கொடுக்க வேண்டாம், கையைக் கழுவிட்டு வாங்க.