ஒளியும் சாயமும் பொன்னும்



உயிரியல் பயில்பவர்கள் கிரிஸ்டல் வயலட் என்னும் ஊதாச் சாயத்தை அறிந்திருப்பீர்கள். 1884-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு மருத்துவர் கிராம் வகுத்த முறைப்படி பாக்டீரியாக்களுக்கு நிறமூட்டி நுண்பெருக்கியில் காண்பதற்கு இன்றும் அது உதவுகிறது. பகைவனைக் காட்டிக்கொடுக்கும் அந்தச் சாயமே, ஒளியின் துணை கிடைத்தால் பகைவனைக் கொல்லும் படைக்கலமாகவும் ஆகிறது. அது எவ்வாறு என்பதையே இன்று நான் சொல்ல விரும்புகிறேன்.

சாயமும் ஒளியும் கூடினால் உயிரணுக்கள் மடியும் என்பது புதிய செய்தியன்று. ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் டாப்பெய்னர் என்ற பேராசிரியரிடம் பயின்ற ஆஸ்கார் ராப், அக்ரிடின் என்ற பொருள் கலந்த நீரில் பரமேசியம் என்னும் ஓரணு உயிர்கள் எவ்வளவு நேரத்தில் மடிகின்றன என்று ஆராய்ந்தார். மருந்தின் அளவு ஒன்றே. ஆயினும் ஒரு முறை விரைவில் மடிந்தன. மற்றொரு முறை நெடுநேரம் பிழைத்திருந்தன. வேற்றுமைக்குக் காரணம் வெளிச்சமே என்று அவர் கண்டறிந்தார். அந்த ஆய்வு 1900-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

ஒளி என்ன செய்கிறது? ஒளியை உட்கொண்ட சாய மூலக்கூறு கிளர்ச்சி அடைகிறது. அந்தச் சக்தியை அருகிலுள்ள பிராணவாயுவுக்கு அளித்துவிட்டுத் தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. நாம் சுவாசிக்கும் சாதுவான பிராணவாயு அப்போது மூர்க்கம் கொள்கிறது. நீரில் அதன் ஆயுள் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் சில பங்குதான். அதற்குள் அருகிலிருக்கும் கிருமியின் மேலுறை, புரதம், மரபுப்பொருள் யாவற்றையும் அது சிதைக்கிறது.

இதன் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. பெனிசிலின் போன்ற மருந்து, கிருமியின் ஒரு குறிப்பிட்ட உறுப்பையே தாக்குகிறது. அவ்வுறுப்பை மாற்றியமைத்தோ, மருந்தைச் சிதைத்தோ கிருமி தப்பக் கற்றுக்கொள்கிறது. பல முனைகளிலும் ஒருசேர வரும் தாக்குதலுக்குத் தப்புவது எளிதன்று. மருந்துக்கு அடங்காத கிருமிகள் மருத்துவமனைகளில் பெருகிவரும் இக்காலத்தில் இது பெரிய நன்மையல்லவா?

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் விஞ்ஞானிகள், 2014-ஆம் ஆண்டில் இக்கருத்தை ஒரு பொருளாகவே ஆக்கிக் காட்டினார்கள். மருத்துவக் குழாய்கள் செய்ய உதவும் சிலிக்கோனில் கிரிஸ்டல் வயலட், மெதிலீன் நீலம் ஆகிய சாயங்களோடு சுமார் 2 நானோமீட்டர் அளவுள்ள பொன் துகள்களையும் ஏற்றினார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறே ஒரு நானோமீட்டர். பொன் சேர்ந்ததால் சாயங்களின் ஆற்றல் பெருகிற்று. வெளிச்சத்தில் விரைவாகவும், இருளில் மெதுவாகவும் அப்பொருள் கிருமிகளைக் கொன்றது.

2020-ஆம் ஆண்டில் அங்கிருந்து மற்றொரு செய்தி வெளிவந்தது. இம்முறை 25 பொன் அணுக்களே கொண்ட சிறு திரள்களைக் கிரிஸ்டல் வயலட்டோடு சேர்த்தார்கள். ஒளியால் கிளர்ந்த சாயத்திலிருந்து எலெக்ட்ரான்கள் பொன் திரளை அடைகின்றன. அதன் பயனாக ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாகிறது. புண்களைக் கழுவ உதவும் அந்த மருந்தை, மேற்பரப்பு தானே தயாரித்துக்கொள்கிறது! இதற்குக் கடும் ஒளி வேண்டியதில்லை. 312 லக்ஸ், அதாவது மருத்துவமனை அறையில் இயல்பாக உள்ள வெளிச்சம் போன்றதே போதுமாயிற்று.

எனினும் இதன் எல்லையையும் நாம் உணரவேண்டும். சாயம் நாளடைவில் ஒளியாலேயே வெளிறக்கூடும். தூசியும் அழுக்கும் படிந்தால் கிருமிக்கும் சாயத்துக்கும் இடையே திரை விழும். கொல்லும் ஆற்றலோ மேற்பரப்பை ஒட்டியே நிற்கிறது. தொலைவிலுள்ள கிருமியை அது எட்டாது. உடலுக்குள் புகுந்துவிட்ட நோய்க்கும் இது மருந்தாகாது. ஆகவே, கதவின் கைப்பிடியும் கட்டிலின் சட்டமும் ஒருநாள் தாமே கிருமிகளை அழிக்கும் ஆற்றல் பெற்றாலும், நம் கைகளைச் சோப்பிட்டுக் கழுவும் கடமை நம்முடையதே. நோய் வந்தபின் மருந்தைத் தேடுவதோடு, அது பரவும் வழியையே அடைக்க முனையும் இம்முயற்சியை உங்களில் சிலர் மேற்கொண்டு வளர்ப்பீர்களாக.