ரெஃபரி தூக்கிய கை
(முன்னாள் மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரை)

 

ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். கால்பந்து ஆடினவனுக்கு அஞ்சு நிமிஷம் நிறைய நேரம். அதற்குள் ஒரு ஆட்டமே கவிழ்ந்துவிடும்.

1981. கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம். நாங்கள் ஒரு கோல் பின்னால். கடைசி நேரத்தில் எதிரணி ஆட்டக்காரர் ஒருவர், அவர்களுடைய பெனால்டி ஏரியாவுக்குள், என் முகத்துக்கு நேரே காலைத் தூக்கினார். மேலே படவில்லை. ரெஃபரி விசில் ஊதி, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கினார். நான் பந்தை வைத்தேன். எங்கள் லெஃப்ட் அவுட் ஓடி வந்து, "டேய், நான் லேசாத் தட்டி விடறேன், அப்புறம் அடி" என்றான். "நகருடா" என்று தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு அடித்தேன். சுவராக நின்றவர்கள் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது. அப்படி ஒரு ஷாட் அதற்குப் பிறகு நான் அடித்ததே இல்லை.

எதிரணி கோல்கீப்பர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்!

ரெஃபரி கோல் கிக் கொடுத்தார். தோற்றோம். அவரை நாங்கள் பேசிய பேச்சை இந்த மேடையில் சொல்ல முடியாது. 'விலை போன ரெஃபரி' என்றுதான் வருஷக்கணக்கில் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு நானே ரெஃபரி பரீட்சைக்குப் படித்தேன். பதின்மூன்றாம் விதியில் குட்டு விழுந்தது. உதைத்தல், தள்ளுதல், இடறி விடுதல், பந்தைக் கையால் ஆடுதல் இவற்றுக்கு டைரக்ட் ஃப்ரீ கிக். நேராக கோலுக்குள் அடிக்கலாம். ஆள்மேல் படாத அபாய ஆட்டம், ஆஃப்சைடு போன்றவற்றுக்கு இன்டைரக்ட். அதில் இன்னொருவர், எந்த அணிக்காரராக இருந்தாலும் சரி, பந்தைத் தொட்டு அது உள்ளே போனால்தான் கோல். தூக்கிய கை அதற்குத்தான் அடையாளம். அந்த கோல்கீப்பர் விரல் நுனியால் தொட்டிருந்தால் எங்களுக்கு கோல்! மனுஷன் விதி படித்தவர்.

மாணவர்களுக்கு ஒன்றிரண்டு. தன் அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தட்டிக் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் எடுத்தால், 1992-லிருந்து அதுவும் இன்டைரக்ட்தான். ஃப்ரீ கிக்கை நேராகச் சொந்த கோலுக்குள் அடித்துவிட்டால் கோல் இல்லை, எதிரணிக்குக் கார்னர். சிரிக்காதீர்கள், எழுதியே வைத்திருக்கிறார்கள். ரெஃபரி கை தூக்க மறந்து, இன்டைரக்ட் பந்து நேராக உள்ளே போனால், மறுபடியும் அடிக்க வேண்டும். அதனால் நான் ரெஃபரியாக நின்ற நாளெல்லாம் தோள் வலித்தாலும் கையை இறக்கியதில்லை.

எங்கள் லெஃப்ட் அவுட்டுக்கு அன்றைக்கே எல்லாம் தெரியும். பஸ்ஸில் திரும்பும்போது நான் ரெஃபரியைத் திட்டத் திட்ட, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். என் தப்பு என்று யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதோ, மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்கான். டேய், சாயங்காலம் மாணவர்களோடு நமக்கு ஆட்டம் இருக்கு. இன்டைரக்ட் கிடைத்தால் நீ தட்டி விடு, நான் அடிக்கிறேன்.