வேம்பு செடிக்கு, பிள்ளையின் வாய்க்கு வேண்டாம்

(மகளிர் நலக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

தாய்மார்களே, சகோதரிகளே, வீட்டுத் தோட்டத்துக்கு விதை வாங்க வந்திருக்கிறீர்கள். அதற்குமுன் ஐந்து நிமிடம் தாருங்கள்.

என் உம்மம்மா கசப்பை நம்பியவர். அரிசிப் பானையில் காய்ந்த வேப்பிலை கிடக்கும். காய்ச்சல் என்றால் நிலவேம்புக் கசாயம். குடித்து முடிக்கும்வரை தலைமாட்டிலேயே நிற்பார். அவர் வழக்கங்களில் பலவற்றை நானும் விடவில்லை. ஒன்றை மட்டும் விட்டுவிடச் சொல்லத்தான் எழுந்தேன். பிள்ளைக்கு மாந்தம், சளி என்றால் பாலாடையில் வேப்பெண்ணெய் ஊற்றுவது. எங்கள் வீட்டிலும் நடந்ததுதான்.

போன மாதம் ஒரு தாய் கேட்டார்: "காக்கா, எட்டு மாதப் பிள்ளைக்கு எத்தனை சொட்டு ஊற்றலாம்?" ஒரு சொட்டும் வேண்டாம் என்றேன். "இயற்கைதானே?" என்றார். எட்டிக்கொட்டையும் இயற்கைதானம்மா!

மலேசியாவில், சின்னச் சின்ன உபாதைக்குப் பெற்றோர் வேப்பெண்ணெய் கொடுத்த 13 கைக்குழந்தைகள் சில மணி நேரத்தில் மருத்துவமனைக்கு வந்ததை, அங்குள்ள மருத்துவர்கள் 1981இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். வாந்தி, மயக்கம், மூச்சிரைப்பு, வலிப்பு. ஈரலையும் மூளையையும் அது தாக்கும். தெரியாமல் யாராவது கொடுத்துவிட்டால், பிள்ளை துவளும்வரை காத்திருக்காதீர்கள். எண்ணெய்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். யார் ஊற்றியது என்ற சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நிலவேம்புக் குடிநீரைக் கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். டெங்குக் காய்ச்சலில் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட அது காரணமாகவும் கூடாது.

வேம்பின் கசப்பைச் செடிக்குக் கொடுங்கள். 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். மறுநாள் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் தெளியுங்கள். வெயிலில் அதன் வீரியம் கெட்டுப்போகும். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், பூச்சி ஒளிவது அங்கேதான். புழு அன்றைக்கே சாகாது. தின்பதைக் குறைக்கும், தோலுரித்து வளர முடியாமல் போகும். மறுநாளே கத்தரிச் செடியில் புழுவைப் பார்த்துவிட்டு, காக்கா சொன்னது பலிக்கவில்லை என்று என் வாசலுக்கு வந்துவிடாதீர்கள்.

விதையோடு பருப்புப் பொடியும் ஒரு பொட்டலம் தருகிறோம். மேலே 'செடிக்கு மட்டும்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அடுப்படியில் வைக்காதீர்கள், சுக்குப் பொடி என்று நினைத்து யாராவது எடுத்துவிடுவார்கள்.